ஃபார்மேட் அடிச்சும் ரெண்டே மாசத்துல சிஸ்டம் திரும்ப ஸ்லோ ஆகுறது ஏன்?

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்திடுச்சு. அதுல இருந்து சேலம் பக்கம் நெறைய வீட்ல ஒரே குழப்பம். சிஸ்டம் ஏற்கனவே ஸ்லோ, இதுல சப்போர்ட் முடிஞ்சிடுச்சுன்னு ஸ்க்ரீன்ல மெசேஜ் வேற, கடைக்கு தூக்கிட்டு போனா ஒருத்தர் "புதுசு வாங்கிடுங்க"ங்கறாரு, இன்னொருத்தர் "ஒரு ஃபார்மேட் போட்டா பறக்கும்"ங்கறாரு. சப்போர்ட் முடிஞ்சதுக்கும் ஸ்லோ ஆனதுக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் கிடையாது. அது பாதுகாப்பு விஷயம், இது உடம்பு விஷயம். ரெண்டையும் பிரிச்சு பாத்தா தான் எதுக்கு காசு போடணும், எதுக்கு போட வேணாம்னு தெரியும். மொதல்ல ஸ்லோவ பாத்துட்டு, விண்டோஸ் 10 கதைய கடைசில எடுத்துக்கலாம்.

## உள்ள யார் யார் என்ன வேலை பாக்கறாங்க

செவ்வாய்ப்பேட்டைல ஒரு கொலுசு பட்டறைய நெனச்சுக்கங்க. வேலை செய்யறவர் தான் ப்ராசசர். அவர் முன்னாடி இருக்கற பலகை ரேம், இப்ப கைல ஓடற வேலைக்கான சாமான் மட்டும் அதுல இருக்கும். உள் ரூம் பீரோ தான் ஹார்ட் டிஸ்க் இல்லனா எஸ்எஸ்டி (சுத்தற பாகம் எதுவும் இல்லாத டிஸ்க்). ஆளு எவ்ளோ சுறுசுறுப்பா இருந்தாலும் பலகைல இடம் இல்லனா ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சு பீரோவுக்கு போயிட்டு வரணும், பாதி நாள் நடக்கறதுலயே போயிடும்.

கம்ப்யூட்டர்லயும் இதே தான். ரேம் நெறஞ்சுட்டா டிஸ்க்குல ஒரு ஓரத்த ரேம் மாதிரி யூஸ் பண்ணிக்கும், அதுக்கு பேரு பேஜ் ஃபைல். சுத்தற ஹார்ட் டிஸ்க்குல ஒரு எடத்த தேடி ஹெட் போயி சேர்றதுக்கு கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் ஆகும், எஸ்எஸ்டில அதுல நூத்துல ஒரு பங்கு கூட ஆகாது. ஒரு பைலுக்கு பாத்தா இது ஒண்ணுமே இல்ல, ஆனா விண்டோஸ் ஆன் ஆகறதுக்குள்ள ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைல தேடி எடுக்குது, அங்க தான் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னு இழுக்குது.

அதனால "ஸ்லோ"ன்னு ஒரே வார்த்தைல சொன்னாலும் காரணம் பலகைலயும் இருக்கலாம், பீரோவுலயும் இருக்கலாம், வேலை பாக்கறவருக்கு சூடு தாங்காமலும் இருக்கலாம்.

## கடைக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

கீபோர்டுல கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும். ஆன் பண்ண உடனே பாக்காதீங்க, அப்ப எல்லாமே ஏறி தான் நிக்கும், ஒரு பத்து நிமிஷம் விட்டு பாருங்க. பெர்ஃபார்மன்ஸ் டேப்ல இதெல்லாம் தெரியும்:

1. டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குதா? உள்ள இருக்கறது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியான்னு அங்கயே போட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்னா வேற எதுக்கும் காசு போடறதுக்கு முன்னாடி எஸ்எஸ்டி மாத்துங்க. பழைய சிஸ்டத்துக்கு பண்ற செலவுலயே ரொம்ப கண்ணுக்கு தெரியற பலன் தர்றது இது தான், பத்து வருஷத்து மிஷின் கூட இருவது முப்பது செகண்ட்ல ஆன் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நெலமைல இருந்தா தூக்கி போட வேணாம், போட்டோ வெக்க உள்ளயே இருக்கட்டும்.

2. மெமரி 85, 90ன்னு நிக்குதா? அப்ப பலகை பத்தல. 4 ஜிபில விண்டோஸே பாதிய எடுத்துக்கும், மீதில ப்ரௌசர்ல பத்து டேப் தெறந்தா முடிஞ்சுது. 8 ஜிபி ஆக்கணும், ஆனா ரேம்ல டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5ன்னு வகை இருக்கு, ஒண்ணோட எடத்துல இன்னொண்ணு உக்காராது, நடுவுல இருக்கற வெட்டு வேற வேற எடத்துல இருக்கும். எதுன்னு பாத்துட்டு வாங்குங்க. 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறிடுச்சுங்கறதால இத சும்மா ஆசைக்கு பண்ண வேணாம், நம்பர் பாத்து பண்ணுங்க.

3. எதுவுமே தெறக்கல, ஆனா சிபியு (ப்ராசசர் தான்) 60, 70ன்னு ஓடுதா? ப்ராசஸ் டேப்ல யாரு தின்றான்னு பாருங்க. விண்டோஸ் அப்டேட், இல்ல விண்டோஸோட ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரோட ஸ்கேன்னா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். தெரியாத பேரு ஒண்ணு நாள் முழுக்க தின்னுட்டு இருந்தா சந்தேகப்படணும்.

4. சிபியு பக்கத்துல ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரு ஸ்பீடு காட்டும். ஒரு வேலைய குடுத்தா அது ஏறணும். ஏறறதுக்கு பதிலா 0.8, 1ன்னு எறங்குது, ஃபேன் வேற கத்துதுன்னா முக்கால்வாசி சூடு தான்.

5. அதே பக்கத்துல அப்டைம்னு ஒண்ணு இருக்கும், இத யாரும் பாக்கறதில்ல. தெனமும் ராத்திரி ஷட்டவுன் பண்றவங்க சிஸ்டத்துல கூட அது 20 நாள், 30 நாள்னு காட்டும். விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு வந்துச்சு, ஷட்டவுன் குடுத்தா முழுசா அணைக்காம விண்டோஸோட உள் பகுதிய மட்டும் டிஸ்க்குல எழுதி வெச்சுட்டு தூங்க போயிடும். காலைல அதையே திருப்பி எடுத்துக்கறதால சீக்கிரம் ஆன் ஆகுது, ஆனா பழைய குப்பையும் கூடவே வருது. ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும் தான் முழுசா அணைஞ்சு புதுசா எந்திரிக்கும். வாரத்துக்கு ஒரு தடவ ஷட்டவுனுக்கு பதிலா ரீஸ்டார்ட், அவ்ளோ தான், காசே இல்லாத வைத்தியம்.

## இப்ப ஃபார்மேட் கதைக்கு வருவோம்

ஃபார்மேட் அடிச்சதும் பறக்கறது உண்மை தான், யாரும் பொய் சொல்லல. ஆன் ஆகும்போதே கூட கெளம்பற இருவது சாஃப்ட்வேர் போயிடுது, நெறஞ்சு கெடந்த சி டிரைவ் காலியாகுது, வைரஸ் இருந்தா அதுவும் போகுது. அப்புறம் நாம என்ன பண்றோம், அதே சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா திரும்ப போடறோம், ரெண்டு மாசத்துல பழையபடி ஆகிடுது.

இன்னொரு காரணமும் இருக்கு, இது கொஞ்சம் ஆபத்தானது. ஹார்ட் டிஸ்க் சாகற நெலமைல இருந்தா சில எடத்த படிக்க முடியாம திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், அப்ப சிஸ்டம் அப்படியே ஒறைஞ்சு நிக்கும். ஃபார்மேட் போட்டு அந்த எடத்துல புதுசா எழுதும்போது டிஸ்க்கு கெட்ட எடத்த ஒதுக்கிட்டு கைல வெச்சிருக்கற ஸ்பேர் எடத்துல எழுதிக்கும். அதனால கொஞ்ச நாள் நல்லா ஓடற மாதிரி இருக்கும், நாமளும் சரியாயிடுச்சுன்னு நம்பி பொண்ணு கல்யாண போட்டோவ எல்லாம் அதுலயே போட்டு வெப்போம். ஒரு நாள் மொத்தமா போயிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிஸ்க்கோட ஹெல்த்த காட்டும். நீலத்துல குட்னு வந்தா சரி. மஞ்சள்ல காஷன்னு வந்தா அன்னிக்கே காப்பி எடுத்துடுங்க, அதுக்கு மேல ஃபார்மேட் பத்தி பேசறதே வீண்.

தூசி, சூடு, பத்தாத ரேம், கரண்ட் இது நாலையும் ஃபார்மேட் தொடக்கூட தொடாது.

## ஏற்காடு மலைக்கு கீழ: தூசியும் வெயிலும்

கொண்டலாம்பட்டில ஒரு வீடு, பின்னாடி தறி ஓடுது, முன் ரூம்ல சிஸ்டம். ரெண்டு வருஷத்துல மூணு ஃபார்மேட் ஆயிருந்துச்சு. வேலை எதுவும் இல்லாம சும்மா இருக்கும்போதே ப்ராசசர் சூடு 80 டிகிரிய தாண்டி நின்னுச்சு. தெறந்து ஃபேன கழட்டி பாத்தா ஃபேனுக்கும் அதுக்கு கீழ இருக்கற அலுமினிய தகடுக்கும் நடுவுல பஞ்சு படிஞ்சு படிஞ்சு மெத்தையா ஆயிருக்கு. ஒரு ஓரத்த நகத்தால கிள்ளி இழுத்தா குட்டி ஆப்பம் மாதிரி வட்டமா முழுசா ஒரே துண்டா வந்துச்சு. ஃபேன் அவ்ளோ நாளும் முழு வேகத்துல தான் சுத்திருக்கு, காத்து தான் கீழ எறங்கல. அத எடுத்துட்டு மூடுனதும் சூடு 50 பக்கம் வந்து நின்னுச்சு, ஸ்லோவும் போச்சு, நாலாவது ஃபார்மேட்டுக்கு வேலையே இல்ல.

ஏன் சூடானா ஸ்லோ ஆகுதுன்னா, ப்ராசசர் தன்ன தானே காப்பாத்திக்குது. பெரும்பாலான இன்டெல் சிப்புக்கு உச்சவரம்பு 100 டிகிரி பக்கம். அத நெருங்கும்போது வேகத்த தானா கொறச்சுக்கும், அப்பவும் அடங்கலனா பட்டுனு ஆஃப் ஆகிடும். வேலை செய்யும்போது 70, 80 வரைக்கும் போறது சகஜம், எப்ப பாத்தாலும் 90க்கு மேலன்னா தான் கவலை.

இதுல சேலம் வெயிலுக்கும் பங்கு இருக்கு. ஃபேன் ரூம்ல இருக்கற காத்த தான் எடுத்து வீசுது, அதனால சிப்பு எந்த காலத்துலயும் ரூம விட குளுமையாக முடியாது. ஏசி ரூம்ல 25 டிகிரின்னா சிப்பு 60ல இருக்கும்னு வெச்சுக்கங்க, ஏப்ரல், மே மாசம் மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல 40 டிகிரின்னா அதே சிப்பு அதே வேலைக்கு 75ஐ தொடும். அதனால தான் பொங்கலுக்கு நல்லா ஓடுன சிஸ்டம் சித்திரைல படுத்துக்குது.

கேபினட்ட தரைல வெக்காதீங்க, கூட்டற தூசி எல்லாம் நேரா உள்ள போகும். டேபிள் உள்ளயே கதவு வெச்ச அலமாரி மாதிரி ஒரு எடம் குடுத்திருப்பாங்க, அது கம்ப்யூட்டருக்கு சூளை. பின்னாடி சுவத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி வெளில வெச்சா போதும். லேப்டாப்ப மெத்தை மேல வெச்சா அடில இருக்கற ஓட்டை மூடிக்கும், ஒரு பரீட்சை அட்டையாவது கீழ குடுங்க.

தூசி தட்றது எப்படின்னா:

1. ஷட்டவுன் பண்ணி பிளக்க உருவிட்டு பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுக்குங்க, உள்ள மிச்சம் இருக்கற கரண்ட் எறங்கிடும்.
2. வீட்டு வாசல்லயோ மாடிலயோ வெச்சு தெறங்க. சின்ன பிளோவர், காஞ்ச பெயிண்ட் பிரஷ் போதும். ஈரத்துணி வேண்டவே வேணாம்.
3. பிளோவர் அடிக்கும்போது ஃபேன விரலால புடிச்சுக்கங்க. கன்னாபின்னான்னு சுத்த விட்டா பேரிங் போயிடும்.
4. பஞ்சர் கடைல காத்து அடிச்சுட்டு வர்றவங்க இருக்காங்க. அந்த கம்ப்ரசர் காத்துல தண்ணி இருக்கும், சில சமயம் ஆயிலும் வரும், வேகமும் ஜாஸ்தி, ஒரு குட்டி பாகம் பேந்துட்டா போர்டே போச்சு.
5. எஸ்எம்பிஎஸ் பெட்டிய (கேபினட்டுக்குள்ள கரண்ட் பிரிச்சு குடுக்கற பெட்டி) மட்டும் தெறக்கவே கூடாது, பிளக்க உருவுன பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

தறி பக்கத்துல இருக்கற வீட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ, மத்தவங்களுக்கு ஆறு மாசம். ப்ராசசர் மேல தடவற தெர்மல் பேஸ்ட் வருஷக்கணக்குல காஞ்சு போகும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தலாம், அத தெரிஞ்சவங்க கைல குடுத்துடறது நல்லது.

## மலைக்கு மேல: ஈரம்

இருவது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு போனா பிரச்சனை அப்படியே தலைகீழ். கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1500 மீட்டர், சூடுங்கற பேச்சே இல்ல, ஆனா பனிமூட்டம் ஜன்னல் வழியா ரூமுக்குள்ளயே வந்து உக்காரும். காஞ்ச தூசி கரண்ட கடத்தாது, ஈரமான தூசி கொஞ்சமா கடத்தும். அதோட செம்பு, ஈயம் வர்ற எடமெல்லாம் மெதுவா அரிச்சுக்கிட்டே இருக்கும். ரேம்ல தங்கக் கலர்ல இருக்கற பல்லு மங்கி போயி, ஒரு நாள் ஆன் பண்ணா பீப் பீப்னு கத்திட்டு ஸ்க்ரீன் வராது. ரேம கழட்டி அந்த பல்ல பென்சில் ரப்பரால லேசா தேச்சு, தூள ஊதிட்டு மாட்டுனா பல தடவ உயிர் வந்துடும். பவர் கேபிள உருவிட்டு தான் இத பண்ணனும்.

ஏற்காட்டுல சிஸ்டத்த மாசக்கணக்குல பூட்டி வெக்கறது தான் பெரிய தப்பு. லீவுக்கு மட்டும் வந்து போற வீடுங்கள்ல இது சகஜம். ஓடற மிஷின் தன் சூட்டுலயே காஞ்சுக்கும், அதனால ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு மணி நேரம் ஓட விடறது கவர் போட்டு மூடி வெக்கறத விட நல்லது. பிளாஸ்டிக் கவரு ஈரத்த உள்ளயே புடிச்சு வெச்சுக்கும்.

லேப்டாப் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. மார்கழி காலைல மேல இருந்து கார் டிக்கில போட்டு கீழ எடுத்துட்டு வர்றீங்க, லேப்டாப் ஜில்லுனு இருக்கும். சேலத்து காத்து பட்டதும் ஐஸ் டம்ளர் வெளில வேர்க்கற மாதிரி உள்ளயும் வேர்க்கலாம். பேக தெறக்காம ஒரு அரை மணி நேரம் வெச்சுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புறத பாத்துட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு ஏதாவது ஆகுமோன்னு பயப்பட வேணாம், பொதுவா 3000 மீட்டர் வரைக்கும் ஓடற மாதிரி தான் அத செய்யறாங்க.

## கரண்ட்

மின்னல் தான் மொத எதிரி. சித்திரை, வைகாசில சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பிச்சா ஸ்விட்ச ஆஃப் பண்றது பத்தாது, பிளக்கையே உருவணும், ரௌட்டர்ல இருந்து வர்ற லேன் கேபிளையும் சேத்து. மின்னலுக்கு ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கற இடைவெளி ஒரு பொருட்டே இல்ல.

கேபினட்ட தொட்டா சுள்ளுனு இழுக்குதுன்னா எர்த்திங் இல்லன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற ஃபில்டர் கொஞ்சம் கரண்ட கேபினட்டுக்கு விடும், அது எர்த் வழியா போகணும், வழி இல்லனா நம்ம வழியா போகுது. மூணு முள்ளு பிளக்க ரெண்டு முள்ளு கன்வெர்ட்டர்ல சொருகற வீட்ல இது கட்டாயம் இருக்கும். சிஸ்டம் மாத்தி பிரயோஜனம் இல்ல, எலக்ட்ரீஷியன கூப்புடுங்க.

யூபிஎஸ் வெச்சிருக்கறவங்க அது ஓடறதுக்கு தான் இருக்குன்னு நெனச்சுக்கறாங்க, அது சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்றதுக்கு. சின்ன யூபிஎஸ்ல இருக்கற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சுடும். கரண்ட் போனதும் சிஸ்டமும் கூடவே போச்சுன்னா பேட்டரிய மட்டும் மாத்துங்க.

இதோட சேத்து, மதர்போர்டுல ரூபா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீந்துட்டா ஒவ்வொரு தடவயும் தேதி பழைய வருஷத்துக்கு போயிடும். ஜிமெயில், பேங்க் சைட்டு எதுவும் தெறக்காது, பாதுகாப்பு இல்லன்னு சொல்லும், ஏன்னா அந்த சைட்டோட சான்றிதழ் அந்த பழைய தேதிக்கு இன்னும் பொறக்கவே இல்ல. இத நெட் பிரச்சனைன்னு நெனச்சு ரௌட்டர மாத்துனவங்க உண்டு. சின்ன காசுல தீர்ற விஷயம்.

## சாஃப்ட்வேர்ல பண்ண வேண்டியது

ரொம்ப இல்ல. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் டேப்ல தேவையில்லாதத டிசேபிள் பண்ணுங்க. செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் சென்ஸ ஆன் பண்ணி விட்டா டெம்ப் குப்பைய அதுவே கூட்டிக்கும். சி டிரைவ்ல 15, 20 சதவீதமாவது காலியா இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்குக்கு டிஃப்ராக் (செதறி கெடக்கற ஃபைல ஒழுங்கா அடுக்கறது) பண்ணலாம், எஸ்எஸ்டிக்கு அது வேண்டாம், அதுக்கு தேவையான ட்ரிம்ங்கற வேலைய விண்டோஸே வாரத்துக்கு ஒரு தடவ பண்ணிக்கும். விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே வீட்டுக்கு போதும், மேல இன்னொரு ஆன்ட்டிவைரஸ் போட்டா அதுவே ஒரு சுமை.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்ஸ எழுதி வெக்கற எடம்) கிளீனர், பிசி பூஸ்டர்ங்கற பேர்ல வர்றத தொடாதீங்க, மைக்ரோசாஃப்ட்டே ரெஜிஸ்ட்ரி கிளீனர ஆதரிக்கறதில்லன்னு சொல்லிருக்கு. அத விட மோசம் கிராக் விண்டோஸ், அதாவது காசு கட்டாம திருட்டுத்தனமா ஆக்டிவேட் பண்றது. ஆக்டிவேட்டர் ஓடணும்னா மொதல்ல டிஃபெண்டர ஆஃப் பண்ண சொல்லும், வீட்டு நாய கட்டிப் போட்டுட்டு திருடனுக்கு கதவ தெறக்கற வேலை அது. மேல மூணாவதா சொன்ன தெரியாத பேரு பல தடவ இந்த வழில தான் உள்ள வருது.

ஃபார்மேட்டே தான் வேணும்னு முடிவு பண்ணிட்டா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, கடைல "டி டிரைவ் அப்படியே இருக்கும்"னு தான் சொல்லுவாங்க, ஆனா டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணும் சி டிரைவ்ல இருக்கு. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் சேவ் பண்றது அங்க தான். ஒரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்ல, ஒரு காப்பி நெட்ல. பென்டிரைவ் எடுத்துட்டு போறதுக்கு தான், பத்திரமா வெக்கறதுக்கு இல்ல.

## விண்டோஸ் 10ஐ என்ன பண்றது

சப்போர்ட் முடிஞ்சதுன்னா சிஸ்டம் நிக்காது, எப்பவும் போல ஓடும். புதுசா கண்டுபிடிக்கற ஓட்டைங்கள இனிமே சும்மா அடைச்சு தர மாட்டாங்க, அவ்ளோ தான். ஆனா அந்த சிஸ்டத்துல பேங்க் வேலை பாத்தா அந்த "அவ்ளோ தான்" பெருசு. வழி மூணு:

1. விண்டோஸ் 11க்கு போறது. டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பு, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் வேணும், இன்டெல்னா 8ஆம் தலைமுறைல இருந்து தான். மைக்ரோசாஃப்ட்டோட பிசி ஹெல்த் செக் போட்டு பாத்தா முடியுமா முடியாதான்னு சொல்லிடும். சில சமயம் டிபிஎம் பயாஸ்ல (மதர்போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணா ஏத்துக்கும். அத கூட பாக்காம புதுசு வாங்க சொன்னா வேற எடம் பாருங்க.

2. இஎஸ்யுங்கற கூடுதல் பாதுகாப்பு அப்டேட்ல சேர்றது. 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு அறிவிச்சாங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணா காசு கட்டாமலே சேரலாம்னு ஒரு வழி குடுத்தாங்க. விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே இதுக்கான லிங்க் காட்டும்.

3. 7ஆம் தலைமுறையோ அதுக்கு பழசோன்னா லினக்ஸ் மின்ட். இலவசம், பழைய மிஷின்ல லேசா ஓடும், தமிழ்99 கீபோர்டும் இருக்கு, யூடியூப், மெயில், பசங்க படிப்புக்கு தாராளமா போதும். ஆனா வெள்ளிக்கடை, ஜவ்வரிசி மில்லு கணக்கு வீட்ல இருந்து பாக்கறவங்களுக்கு இது ஒத்து வராது, டேலி லினக்ஸ்ல நேரடியா ஓடாது. அவங்க மட்டும் மொத ரெண்டு வழியும் முடியலனா புதுசுக்கு தான் காசு எடுத்து வெக்கணும், அப்பவும் பழைய சிஸ்டத்துக்கு போட்ட எஸ்எஸ்டிய கழட்டி புதுசுல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டிக்கலாம், அத கடைல விட்டுட்டு வராதீங்க.